அட்வான்ஸ் நோட்டும் விடுதலைச் சான்றிதழும்

பழனி மலையில் ஒரு பளியர் பழங்குடிக் குடும்பம் ஏலக்காய்த் தோட்டத்திலோ மிளகுத் தோட்டத்திலோ போய் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஆடி மாதத்தில் தொடங்கும். பள்ளிக்கூடம் திறந்து செலவாகியிருக்கும், மழைக்குக் காட்டில் எடுக்க ஒன்றும் இருக்காது, காப்பி பழுக்க இன்னும் மாதங்கள் கிடக்கும். அந்த நேரம் பார்த்து, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும், ஏற்கெனவே முகம் தெரிந்த மேஸ்திரி ஒருவர் வருவார். கையில் பத்தோ இருபதோ ஆயிரம் கொடுப்பார். கையெழுத்துக் கிடையாது, அவருடைய சட்டைப்பை நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். ரேஷன் கார்டையும் ஆதாரையும் "பத்திரமா நான் வச்சிருக்கேன்" என்று வாங்கிக்கொள்வதும் உண்டு. அந்த இரண்டும் கை மாறியதும் கடன் கொக்கியாகிவிடுகிறது.

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976 கேட்பது சங்கிலியையோ பூட்டையோ அல்ல. முன்பணமோ, வழக்கமாகவோ பரம்பரையாகவோ வந்த கடப்பாடோ இருக்க வேண்டும். அதன் காரணமாக நான்கில் ஒன்று பறிபோயிருந்தால் போதும்: வேறு இடத்தில் வேலைக்குப் போகும் உரிமை, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் உழைப்பையோ விளைச்சலையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை, குறைந்தபட்சக் கூலி. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று பல அதிகாரிகளே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அவங்க ஃபோன் வச்சிருக்காங்களே, சந்தைக்குப் போய்ட்டு வர்றாங்களே, இது எப்படிக் கொத்தடிமை?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலையே அரசியல் சட்டப் பிரிவு 23 சொல்லும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அது முன்பணத்துக்காகத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்றால் முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று 1983-ல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சேர்த்துச் சொன்னது.

மேஸ்திரியின் நோட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். புருஷன் பெண்டாட்டி இருவர், ஆறு மாத சீசன், முன்பணம் 30,000. பேசிய கூலி கணவருக்கு 400, மனைவிக்கு 250. மாதம் 24 நாள் என்றால் ஆறு மாதத்துக்கு 93,600 வருகிறது. இதில் வாரச் செலவுக் காசு 1,500 வீதம் 26 வாரத்துக்கு 39,000. தோட்டத்துக் கடையில் வாங்கிய அரிசி, எண்ணெய், மளிகை மாதம் 3,500 வீதம் 21,000. ஜீப் வாடகை போக 1,500, வர 1,500. தார்ப்பாயும் கம்பளியும் 1,800. கடைசியாக மழை நாள்: மாதம் 5 நாள் வேலையில்லை என்று 19,500 கழியும். மொத்தக் கழிவு 84,300. மிச்சம் 9,300. அதை முன்பணத்தில் வரவு வைத்தால் 20,700 பாக்கி. இரண்டு பேர் ஆறு மாதம் வேலை செய்தும் கடன் மூன்றில் ஒரு பங்குகூட அடையவில்லை. அடுத்த சீசனுக்கு அதே ஆள் அதே தோட்டத்துக்குப் போயாக வேண்டும்.

இந்தக் கணக்கில் மழை நாள் வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூலி கிடையாது என்கிற அந்த நாளில், பக்கத்துத் தோட்டத்தில் கூப்பிட்டால் போக விட்டார்களா? விடவில்லை என்றால் முதல் உரிமை போய்விட்டது. வேறு எதையும் நிரூபிக்கத் தேவையே இல்லை. அடுத்து மனைவியின் 250. தோட்ட வேலைக்கு நடப்பில் உள்ள குறைந்தபட்சக் கூலி அரசாணையை எடுத்து வைத்து ஒப்பிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். நோட்டு கண்ணில் பட்டால் முன்பக்கம் பின்பக்கம் என்று ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. நோட்டையே தூக்கிக்கொண்டு வரக்கூடாது, திருட்டு என்று எதிர்ப்புகார் வரும். முன்பணம் ஜிபேயில் வந்திருந்தால் அந்தப் பரிவர்த்தனையே நோட்டைவிட வலுவான சான்று. ஃபோன் பதிவும் படமும் நீதிமன்றத்தில் நிற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-ன்படி ஒரு சான்றுப் படிவம் வேண்டும். எடுத்தவரின் ஃபோனை அதுவரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

எல்லா மேஸ்திரியும் கடத்தல்காரர் இல்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிகாலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அது கடினமான, ஆபத்தான பயணம். ஜீப்பில் அளவுக்கு மீறி ஏற்றுவது தனிக் குற்றம். ஆனால் நாளைக்கு வேறு தோட்டத்து ஜீப்பில் ஏற அவர்களுக்கு யாரும் தடை இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் "வெளியே வேலைக்குப் போகிற எல்லாரையும் தடுப்போம்" என்று கிளம்புகிற ஆர்வம் மலைவாழ் மக்களுக்குக் கெடுதலே செய்கிறது.

மில்லுக்குப் போகும் பெண்பிள்ளைகள் கதை வேறு. வேடசந்தூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஆள் பிடிப்பவர்கள் முன்பணம் தருவதில்லை. மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்பார்கள். சுமங்கலித் திட்டம் என்று பேர் கெட்டுப்போனதால் இப்போது அந்தப் பேரைச் சொல்வதில்லை. பெற்றோர் கேட்க வேண்டியது சில கேள்விகள்தான். மாதா மாதம் சம்பளச் சீட்டு உண்டா, பிஎஃப் எண்ணும் இஎஸ்ஐ எண்ணும் முதல் மாதமே கொடுப்பீர்களா, கடைசியில் தரும் மொத்தத் தொகையில் அவளுடைய பிஎஃப் பணமும் சேர்ந்திருக்கிறதா. அப்படிச் சேர்த்திருந்தால் அவள் பணத்தையே அவளுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். விடுதிக்கு 2014-ஆம் வருடத்துத் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்பதையும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை தனியாக வெளியே வர விடுவார்களா, ஃபோன் யார் கையில் இருக்கும் என்ற இரண்டுக்கும் புரோக்கர் மழுப்பினால் அனுப்பாமல் இருப்பதே நல்லது. 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது.

சரி, ஒரு தோட்டத்தில் ஆட்கள் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. யாரிடம் சொல்வது?

இங்கேதான் பாதி மீட்புகள் கெட்டுப்போகின்றன. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் அது தாசில்தாருக்குப் போகும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர். அவர் விசாரிக்க முதலில் போவது தோட்டத்து ஆபீசுக்குத்தான். மறுநாள் காலை ஆட்கள் அங்கே இருக்க மாட்டார்கள், வேறு மலைக்கு ஏற்றியிருப்பார்கள். அதனால் தகவல் நேராக வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போக வேண்டும். கொத்தடிமை முறையைக் கண்காணிக்கும் கோட்ட அளவிலான விழிப்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். கூடவே மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு நகல். பாச்சலூர்ப் பக்கத்துக்காரர்கள் எல்லாக் காரியத்துக்கும் ஒட்டன்சத்திரம் இறங்கிப் பழகியவர்கள். ஆனால் தாலுகா கொடைக்கானல். மனு தப்பான ஆபீசுக்குப் போனால் "எங்க எல்லை இல்லை" என்று திரும்பிவர ஒரு வாரம் ஆகும். காவல் நிலையத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173-ன்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் பதிய வேண்டும்.

மனு ஒரு பக்கம் போதும். எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குழந்தை, எந்த ஊரிலிருந்து, எப்போது வந்தார்கள், முன்பணம் எவ்வளவு, நான்கு உரிமைகளில் எது போயிருக்கிறது. அதைவிட முக்கியம் இடம். மலைத் தோட்டங்களுக்கு ஊருக்குள் வழங்கும் பெயர் ஒன்று, கேட்டில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, பட்டாவில் இருக்கும் பெயர் வேறொன்று. மூன்றையும் எழுத வேண்டும். வருவாய்க் கிராமத்தின் பெயர், கடைசி பஸ் நிற்கும் இடம், அங்கிருந்து ஜீப்புப் பாதையில் எவ்வளவு தூரம், லயன் வீடு (தொழிலாளர் குடியிருப்பு) எந்தச் சரிவில், ஃபோனில் எடுத்த ஜிபிஎஸ் எண்கள். லயனுக்கு இரண்டாவது வழி இருந்தால் அதையும் எழுத வேண்டும். ஒரே வழியில் ஜீப் ஏறிவரும் சத்தம் மலையில் அரைமணி நேரம் முன்பே கேட்டுவிடும்.

உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம், 112. குழந்தை இருந்தால் 1098, பெண்களுக்கு 181, இலவச வக்கீலுக்கு 15100. கடத்தப்பட்டவர்களுக்கும் கட்டாய உழைப்பில் இருந்தவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12. சிக்னல் இல்லாத சரிவிலிருந்து 1098 கூப்பிட்டு நடுவில் அறுந்துபோனால் திரும்பக் கூப்பிட அவர்களுக்கு வழியிருக்காது. அதனால் பேச்சின் முதல் வரியே இடமாக இருக்கட்டும்.

விசாரணை நடக்கும் இடம் தோட்டமாக இருக்கக் கூடாது. முதலாளி பத்தடி தள்ளி நிற்கும்போது "நாங்க இஷ்டப்பட்டுத்தான் வந்தோம் சாமி" என்ற பதில்தான் வரும். அது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. தம்பி குடும்பம் அதே மேஸ்திரியிடம் வேறொரு தோட்டத்தில் இருக்கும். நோட்டு, ரேஷன் கார்டு, ஆடு எல்லாம் அங்கேயே கிடக்கும். எல்லாரையும் ஒரே வண்டியில் தாலுகா ஆபீசுக்கோ கோட்டாட்சியர் அலுவலகத்துக்கோ கொண்டுவந்து, சாப்பாடு போட்டு, பிறகு ஒவ்வொருவராக, பெண்களைப் பெண் அலுவலர் முன்னால் கேட்க வேண்டும். வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. ஜார்கண்டிலிருந்து வந்தவர் எல்லாருக்கும் இந்தி சரளம் என்று நினைக்கக் கூடாது. சந்தாலியோ சாத்ரியோ பேசுகிறவராக இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் இந்தி நன்றாகப் பேசுகிற ஒருவர் முன்வந்து மொழிபெயர்ப்பார். பல சமயம் அவர்தான் ஆள் கூட்டி வந்த ஏஜென்ட்.

இதைவிடப் பெரிய சிக்கல் செட்டில்மென்ட். முதலாளி "பாக்கியை விட்டுக்கொடுத்துடறேன், கூட்டிட்டுப் போங்க" என்பார். காவல் நிலையத்திலேயே பேசி முடித்து, ஆளுக்கு ஐந்நூறு கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். எல்லாருக்கும் நிம்மதி, புகைப்படம்கூட எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சட்டப்படி அந்தக் கடன் ஏற்கெனவே செத்துப்போன கடன். விட்டுக்கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு வாங்குவதே மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். பஸ்ஸில் ஏறியவர்கள் கையில் ஒரு தாளும் இருக்காது. அடுத்த ஆடியில் மேஸ்திரி அதே வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

அந்தத் தாள்தான் விடுதலைச் சான்றிதழ். இன்னார் இன்னாரிடம் கொத்தடிமையாக இருந்தார், இந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டார், அவருடைய கடன் ரத்து என்று கோட்டாட்சியர் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தருவது. மற்ற எல்லா உதவிக்கும் கதவு இதுதான். வாங்கும்போது ஆள் ஆளுக்குத் தனித்தனியாக வாங்க வேண்டும். முன்பணம் புருஷன் பேரில்தானே என்று அவருக்கு மட்டும் கொடுத்தால், கூடவே வேலை செய்த மனைவியும் பதினைந்து வயது மகனும் கணக்கில் வராமல் போவார்கள். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் வளர்ந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள் கடத்தல் போன்ற கடும் நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் திருநர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 3 லட்சம். ஆக விட்டுப்போகும் பெயர்தான் கூடுதல் தொகைக்கு உரிய பெயர். பெயர் எழுத்துக்கூட்டு ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் வங்கியில் நின்றுவிடும்.

உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. இதற்கு வழக்கு முடியக் காத்திருக்கத் தேவையில்லை. "ஃபண்ட் வரல" என்று சொன்னால், மாவட்டத்தில் குறைந்தது 10 லட்சம் ரூபாயில் கொத்தடிமை மறுவாழ்வு நிதி வைத்திருக்க வேண்டும் என்பது அதே திட்டத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். பெரிய தொகை வழக்கோடு கட்டப்பட்டது. அதனால்தான் எஃப்ஐஆர் இல்லாத மீட்பு பாதி மீட்பு.

எஃப்ஐஆரில் 1976 சட்டத்தை மட்டும் போட்டால் போதாது. அதில் தண்டனை மூன்று வருடமும் 2,000 ரூபாயும்தான், ஜாமீனும் எளிது. அபராதம் வசூலானால் அதிலிருந்து கொத்தடிமையாக இருந்த நாளுக்கு 5 ரூபாய் வீதம் தரச் சொல்கிற அந்தப் பிரிவு 18, 1976-ன் ரூபாயில் அப்படியே உறைந்து நிற்கிறது. ஏமாற்றியோ மிரட்டியோ ஆசை காட்டியோ ஆள் சேர்த்துச் சுரண்டியிருந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 143 வர வேண்டும். ஒருவர் என்றால் 7 முதல் 10 வருடம், ஒருவருக்கு மேல் என்றால் குறைந்தது 10 வருடம், ஆயுள் வரை. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது அங்கே பொருட்டல்ல என்று பிரிவே சொல்கிறது. பளியரோ பட்டியலினத்தவரோ என்றால், அப்பிரிவுகளைச் சேராதவர் கொத்தடிமையாக வைத்திருந்தபோது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(எச்). அப்போது விசாரணையை டிஎஸ்பி அந்தஸ்து அதிகாரிதான் செய்ய வேண்டும். இதற்குச் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். பல பளியர் குடும்பங்களில் அது இருக்காது. பழங்குடியினர் சான்றிதழ் கொடுப்பதும் அதே கோட்டாட்சியர்தான். ஆகவே விடுதலைச் சான்றிதழ் மனுவோடேயே அதற்கும் மனு வைத்துவிடலாம்.

தோட்டம் கேரளத்து இடுக்கியில் இருந்தால்? கிளாவரையிலிருந்து வட்டவடைக்கு நடந்தே போகலாம், சாலை வழியாகப் போகிறவர்கள் போடிமெட்டு ஏறுவார்கள். மலைக்காரர்களுக்கு மாநில எல்லை ஒரு வரப்பு மாதிரிதான், ஃபைலுக்கு அப்படி இல்லை. ஆட்கள் எங்கே கண்டுபிடிக்கப்படுகிறார்களோ அந்த மாவட்ட நிர்வாகம்தான் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். சொந்த ஊருக்குக் கூட்டிவந்தபின் இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்துவிட்டால் பிறகு இரண்டு கலெக்டர் ஆபீசுக்கும் இடையே கடிதம்தான் ஓடும். அசல் சான்றிதழ் கையில் கிடைக்காமல் எல்லை தாண்டக் கூடாது.

மீட்ட அன்று லயன் வீட்டில் என்னவெல்லாம் விட்டுவந்தார்கள் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். பாத்திரம், கம்பளி, கோழி, ஆடு, தரவேண்டிய கூலி, ஏடிஎம் கார்டு. அற்பமாகத் தோன்றும். ஆனால் இரண்டு ஆட்டுக்காகத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு, போனால் அங்கேயே தங்கவும் நேரும். கடனுக்குப் பிடித்துவைத்த சொத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வேலைக்காகக் கொடுத்த குடியிருப்பிலிருந்து விடுவிக்கப்பட்டவரை வெளியேற்றவும் கூடாது, அது பிரிவு 8. பல தலைமுறையாக ஒரே தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு மீட்பு என்பது இடம் மாறுவதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மருத்துவப் பரிசோதனையில் காசநோய், ரத்தசோகை பார்ப்பதோடு, மிளகு ஏணியிலிருந்து விழுந்த பழைய முறிவு, ஏலத்துக்கு மருந்தடித்ததால் வந்த தோல் நோய் இதையெல்லாம் கேட்டு எழுதச் சொல்ல வேண்டும். அது வழக்கில் சான்றாகும்.

குழந்தை இருந்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். வயதுதான் அங்கே சண்டை. இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 94-ன்படி முதலில் பள்ளிச் சான்று, இல்லையென்றால் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. எடுத்த எடுப்பில் எக்ஸ்ரேக்கு அனுப்பினால் கேட்கலாம். உண்டு உறைவிடப் பள்ளியில் ஒரு வருடம் படித்திருந்தாலும் எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை மாணவர் பதிவில் பிறந்த தேதி இருக்கும். குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது அதே சட்டத்தின் பிரிவு 74-ல் குற்றம், நல்லெண்ணத்தோடு போட்டாலும்.

ஆய்வு செய்கிறவர்களுக்குக் கொஞ்சம். மலைக் குடியிருப்பில் போய் "நீங்கள் கொத்தடிமையா?" என்று கேட்டு டிக் அடிக்கிற கேள்வித்தாளால் பயனில்லை. கடைசியாக எப்போது கணக்குப் பார்த்தார்கள், போன வருடம் பாக்கி எவ்வளவு, ரேஷன் கார்டு இப்போது எங்கே, ஊர்த் திருவிழாவுக்கு வரவேண்டும் என்றால் யாரிடம் கேட்க வேண்டும், வீட்டில் யாராவது ஒருவரை விட்டுவிட்டு வரச் சொல்வார்களா. இந்த ஐந்தில் உண்மை வந்துவிடும். பதில் சொன்னவர் பெயரும் குடியிருப்பின் பெயரும் ஒரே நோட்டில் இருக்க வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்திர அறிக்கையில் ஆள் கடத்தலுக்குத் தனி அத்தியாயம் உண்டு, ஆனால் அது பதிவான வழக்கை மட்டும் எண்ணுகிறது. செட்டில்மென்டில் முடிந்தவை அங்கே வரா. மாவட்ட நிலவரம் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். கடந்த மூன்று வருடத்தில் ஒவ்வொரு கோட்டமும் கொடுத்த விடுதலைச் சான்றிதழ் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு எஃப்ஐஆர், எத்தனைக்கு 30,000 போய்ச் சேர்ந்தது, எந்தத் தேதியில். விழிப்புக் குழு கூடிய நாட்களின் நடவடிக்கைக் குறிப்பையும் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர் மூவரும் சமூக சேவகர் இருவரும் இருக்க வேண்டும் என்பது பிரிவு 13. அவர்கள் யார் என்று கேட்டாலே சில கோட்டங்களில் குழு உயிர்பெறும்.

சான்றிதழ் வாங்கியபின் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கு. எந்தக் கணக்குக்குப் பணம் போகிறது, அதோடு இணைந்த ஃபோன் எண் யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே மேஸ்திரி என்றால் ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் போகும். அஞ்சல் வங்கியில் புதுக் கணக்கு, புது எண், பிறகுதான் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு விவரம். அடுத்தது அரசின் ஊரக வேலை உறுதித் திட்டத்து அட்டை. அதற்கும் அடுத்தது வரும் ஆடி மாதம்: அந்த மாதம் அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பள்ளிக்கூடச் செலவுக்கு என்ன வழி, வாசலில் யார் வந்து நின்றார்கள் என்று நேரில் போய்ப் பார்க்க ஒருவர் பெயரை இப்போதே எழுதி வைத்துவிடலாம்.